இணையவழிப் படிப்பில் ஆள்மாறாட்டம்: முகத்தைச் சரிபார்த்தால் போதுமா?

கேள்வி: ஒரு பல்கலைக்கழகத்தின் இணையவழி முதுகலைப் படிப்புக்கு ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். மாணவர்கள் பல நாடுகளில் இருந்து படிக்கிறார்கள். பயனர்பெயர், கடவுச்சொல் ஆகியவற்றைத் தவிர வேறு சரிபார்ப்பு எதுவும் எங்களிடம் இல்லை. சென்ற பருவத்தில் ஒரு மாணவர் ஒப்படைத்த கட்டுரைகள் எல்லாம் மிகச் சிறப்பாக இருந்தன. ஆனால் நேரலை வகுப்பில், அவருடைய கட்டுரையின் மையக் கருத்தைப் பற்றி நான் கேட்டபோது அவரால் இரண்டு வாக்கியம் கூடத் தொடர்ந்து சொல்ல முடியவில்லை. இதை நிர்வாகத்திடம் சொன்னதும், எல்லாத் தேர்வுகளுக்கும் முகத்தைச் சரிபார்க்கும் கண்காணிப்பு மென்பொருளை வாங்கிவிடலாம் என்கிறார்கள். மாணவர்களை உளவு பார்ப்பதற்கு நாங்கள் உடன்பட மாட்டோம் என்கிறார்கள் சக ஆசிரியர்கள் சிலர். நான் எந்தப் பக்கம் நிற்பது? அந்த மாணவர் விஷயத்தில் என்ன செய்வது?

பதில்: அன்புள்ள ஒருங்கிணைப்பாளருக்கு,

உங்கள் கடிதத்தில் இருக்கும் சிக்கலும், உங்கள் நிர்வாகம் வாங்க நினைக்கும் தீர்வும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். படிப்பில் சேர்ந்தவர் உண்மையில் யார் என்பது ஒரு கேள்வி. இன்று கணக்கில் நுழைந்திருப்பவர் அதே ஆள்தானா என்பது வேறொரு கேள்வி. ஒப்படைக்கப்பட்ட கட்டுரையை எழுதியவர் யார் என்பது இவை இரண்டிலும் அடங்காத மூன்றாவது கேள்வி. உங்களை உறுத்துவது மூன்றாவது. முகத்தைச் சரிபார்க்கும் மென்பொருள் விடை சொல்ல முயல்வது இரண்டாவதற்கு மட்டுமே. வீட்டில் பல நாள் உட்கார்ந்து எழுதி அனுப்பப்படும் கட்டுரையின் மீது தேர்வு நேரக் கேமராவுக்கு எந்தப் பிடிமானமும் கிடையாது. ஆகவே, எல்லாத் தேர்வுகளுக்கும் அதை வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதற்காக, கடவுச்சொல்லே போதும் என்று இருந்துவிடவும் சொல்ல மாட்டேன்.

கடவுச்சொல் இந்த இடத்தில் ஏன் பலவீனமாகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லா ஏற்பாடுகளின் பலவீனமும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. வங்கிக் கணக்கில், கணக்கின் சொந்தக்காரர் தன் கடவுச்சொல்லைப் பிறரிடமிருந்து காப்பாற்றிக்கொள்ள விரும்புகிறார். வங்கியும் அவரும் ஒரே பக்கம் நிற்கிறார்கள். ஆள்மாறாட்டம் நடக்கும் படிப்பில் நிலைமை தலைகீழ். கணக்கின் சொந்தக்காரரே, தனக்காகத் தேர்வு எழுத ஒப்புக்கொண்டவரிடம் கடவுச்சொல்லை மனமாரக் கொடுக்கிறார். கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லைச் சேர்த்தால் பாதுகாப்பு கூடும் என்று தகவல் தொழில்நுட்பப் பிரிவினர் சொல்லக்கூடும். திருடனிடமிருந்து காக்க அது உதவும். ஆனால் சொந்தக்காரரே அந்த ஆறு இலக்க எண்ணை நொடியில் நண்பருக்கு அனுப்பிவிடுவார் என்றால் அதனால் என்ன பயன்? வெளியாளைத் தடுப்பதற்காக உருவான கருவிகளைக் கொண்டு, உள்ளே இருப்பவரும் வெளியே இருப்பவரும் சேர்ந்து செய்யும் ஏமாற்றைத் தடுக்க முயல்கிறோம் என்பதை நிர்வாகக் கூட்டத்தில் யாராவது ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டும்.

சட்டம் இதைப் பற்றி என்ன கேட்கிறது என்பதும் தெரிந்திருப்பது நல்லது. இந்த விஷயத்தில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது அமெரிக்காவின் 2008ஆம் ஆண்டு உயர்கல்வி வாய்ப்புச் சட்டம். தொலைநிலைப் படிப்பில் பதிவு செய்த மாணவரும், அதில் பங்கேற்று முடித்து மதிப்பீட்டுப் புள்ளிகளைப் பெறும் மாணவரும் ஒருவரே என்பதை உறுதி செய்யும் நடைமுறை ஒவ்வொரு நிறுவனத்திடமும் இருக்க வேண்டும் என்று அது சொன்னது. அதையொட்டி முதலில் வந்த விதிகள், பாதுகாப்பான உள்நுழைவும் கடவுச்சொல்லும், கண்காணிப்பாளர் முன்னிலையில் நடக்கும் தேர்வு, புதிய பிற தொழில்நுட்பங்கள் ஆகியவற்றை ஏற்கத்தக்க வழிகளாகக் குறிப்பிட்டன. அதாவது, வெறும் கடவுச்சொல்லே சட்டத்தின் கண்ணில் தேறிவிட்டது. அதே விதிகளில் இருந்த வேறு இரண்டு நிபந்தனைகளைப் பலரும் கவனிப்பதில்லை: சரிபார்ப்பு முறை மாணவரின் அந்தரங்கத்தைக் காக்க வேண்டும், அதற்கெனத் தனிக் கட்டணம் உண்டென்றால் பதிவு செய்யும்போதே மாணவருக்குத் தெரிவிக்க வேண்டும். உங்கள் நாட்டின் விதி வேறாக இருக்கலாம். ஆனால் இந்த இரண்டும் எந்த நாட்டிலும் கேட்கத் தகுந்த நிபந்தனைகளே. பருவத்தின் நடுவில் திடீரென்று ஒரு மென்பொருளை நிறுவச் சொல்லி, அதற்கு மாணவரே பணம் கட்ட வேண்டும் என்று அறிவித்தால், எந்தச் சட்டமும் இல்லாவிட்டாலும் அது நியாயமாகாது.

இப்போது முகத்துக்கு வருவோம். சரிபார்ப்பு மென்பொருள் செய்வது ஒன்றுதான்: சேர்க்கையின்போது பதிந்த படத்தையும் இப்போது கேமராவில் தெரியும் முகத்தையும் ஒப்பிட்டு, ஒற்றுமைக்கு ஒரு மதிப்பெண் போட்டு, அது குறிப்பிட்ட வரம்பைத் தாண்டுகிறதா என்று பார்ப்பது. அந்த வரம்பை உயர்த்தினால் நேர்மையான மாணவர்கள் அதிகமாகத் தடுக்கப்படுவார்கள். தாழ்த்தினால் சாயல் ஒத்த வேறொருவர் நுழைய வாய்ப்புக் கூடும். இரண்டையும் ஒருசேரக் குறைக்கும் வரம்பு என்று ஒன்று கிடையாது. 600 மாணவர்கள் பருவத்துக்கு 4 தேர்வு எழுதினால் 2,400 சரிபார்ப்புகள். நூற்றில் ஒன்று மட்டுமே தவறுகிறது என்று வைத்துக்கொண்டாலும், தன் முகத்தைத் தன் முகம் என்று நிரூபிக்க முடியாமல் 24 முறை யாரோ ஒரு நேர்மையான மாணவர் தேர்வு தொடங்கும் நேரத்தில் பதறிக்கொண்டிருப்பார். இத்தகைய மென்பொருளின் பிழைகள் எல்லா வகை மக்களிடமும் சமமாக வரும் என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவின் தேசியத் தரநிலை மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஆய்வு, பல முகமறி நிரல்களில் ஒருவரை இன்னொருவர் என்று தவறாக ஏற்கும் பிழை விகிதம் மக்கள் பிரிவுக்குப் பிரிவு 10 முதல் 100 மடங்கு வரை மாறுபட்டதைக் காட்டியது. எல்லா நிரல்களும் அப்படியில்லை என்பதையும் அதே ஆய்வு சொன்னது. ஆகவே விற்பனையாளர் வரும்போது, துல்லியம் எத்தனை விழுக்காடு என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். எந்த வரம்பில், எந்த மக்கள் பிரிவுகளில், மங்கலான வெளிச்சத்திலும் மலிவான கேமராவிலும் சோதித்தீர்களா என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும்.

இவையெல்லாம் சரியாக இருந்தாலும் ஒரு பெரிய ஓட்டை பாக்கி இருக்கிறது. சேர்க்கை நாளிலேயே கூலிக்குப் படிப்பவர் தன் முகத்தைப் பதிந்துவிட்டார் என்றால், அதற்குப் பிறகு மென்பொருள் ஒவ்வொரு தேர்விலும் அந்த மோசடிக்காரரைத்தான் தவறாமல் உறுதி செய்யும். முகம் சரியாக இருந்து, தொலைவிலிருந்து இன்னொருவர் அதே கணினியை இயக்கி விடையைத் தட்டச்சு செய்வதும் நடக்கிறது. கேமராவுக்குப் பதிலாக, முன்பே தயாரித்த காணொளியைச் செலுத்தும் நிரல்களும் உண்டு. தட்டச்சுத் தாளத்தை, அதாவது விசைகளை அழுத்தும் வேகத்தையும் இடைவெளியையும், வைத்து ஆளை அடையாளம் காணும் முறை புதிதன்று. கோர்செரா நிறுவனம் 2013இல் தன் சான்றிதழ் படிப்புகளுக்காக வெப்கேம் படத்தையும் தட்டச்சுத் தாளத்தையும் சேர்த்துப் பயன்படுத்தத் தொடங்கியது. தட்டச்சு செய்த விரல்கள் யாருடையவை என்பதை அது ஓரளவு சொல்லும். பக்கத்தில் உட்கார்ந்து இன்னொருவர் சொல்லச் சொல்ல மாணவர் தட்டச்சு செய்தால், அந்தத் தாளம் கச்சிதமாகப் பொருந்தத்தான் செய்யும்.

உங்கள் சக ஆசிரியர்களின் எதிர்ப்பையும் வெறும் உணர்ச்சி என்று தள்ளிவிட முடியாது. இத்தாலியின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2021இல், மிலானில் உள்ள பொக்கோனி பல்கலைக்கழகத்துக்குத் தேர்வுக் கண்காணிப்பு மென்பொருள் தொடர்பாக 2,00,000 யூரோ அபராதம் விதித்தது. மாணவரிடம் ஒப்புதல் பெற்றோம் என்ற வாதம் அங்கே எடுபடவில்லை, ஏனென்றால் தேர்வு எழுத வேண்டிய நிலையில் இருப்பவர் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கும் ஒப்புதல் சுதந்திரமான ஒப்புதலாகாது. 2022இல் அமெரிக்காவில், க்ளீவ்லாண்ட் மாநிலப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் தொடுத்த வழக்கில், தேர்வுக்கு முன் படுக்கையறையைக் கேமராவில் சுற்றிக் காட்டச் சொன்னது அரசியல் சட்டம் தடை செய்யும் நியாயமற்ற சோதனை என்று கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டுச் செயற்கை நுண்ணறிவுச் சட்டமோ, தேர்வில் மாணவரின் தடை செய்யப்பட்ட நடத்தையைக் கண்டறியும் அமைப்புகளை அதிக ஆபத்துள்ளவை என்ற வகையில் சேர்த்து, கல்வி நிறுவனங்களில் உணர்ச்சிகளை ஊகிக்கும் அமைப்புகளை, மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் நீங்கலாக, தடையே செய்துவிட்டது. உங்கள் மாணவர்கள் பல நாடுகளில் இருப்பதால் இவற்றில் ஏதாவது ஒன்று உங்களையும் தொடக்கூடும். சட்டப் பிரிவின் கருத்தைக் கொள்முதலுக்கு முன்பே கேளுங்கள். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு கேட்டால் வரும் பதிலில் நீதியை விடச் சமாளிப்பே அதிகமாக இருக்கும்.

அப்படியானால் பணத்தையும் உழைப்பையும் எங்கே செலவிடுவது? முதலில் சேர்க்கையில். அரசு வழங்கிய அடையாள ஆவணத்தையும் ஆளையும் ஒரு மனிதர் நேரலைக் காணொளியில் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கட்டும்; முந்தைய பட்டத்தின் நகலை மாணவரிடமிருந்து வாங்குவதோடு நிற்காமல், அதை வழங்கிய நிறுவனத்திடமே நேரடியாக உறுதி செய்துகொள்ளுங்கள். திருமணத்துக்குப் பின் பெயர் மாறியவர், முதலெழுத்து ஓர் ஆவணத்தில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருப்பவர் ஆகியோரைச் சந்தேகத்துக்குரியவர்களாக நடத்தாமல் இருக்க, அதற்கான துணை ஆவணங்கள் எவை என்பதை முன்பே எழுதி வையுங்கள். சரிபார்ப்பு முடிந்ததும் யார், எப்போது, எந்த வகை ஆவணத்தைப் பார்த்தார் என்ற குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு, விதி அனுமதிக்குமானால், நகலை அழித்துவிடுவதே நல்லது. கையில் இல்லாத நகல் களவு போகாது.

உள்நுழைவில் செய்யத்தக்கது ஒரு சிறிய மாற்றம். பாடத்துக்கு ஒரு கடவுச்சொல், மின்னஞ்சலுக்கு ஒன்று, கட்டணக் கணக்குக்கு ஒன்று என்று தனித்தனியாக இருந்தால், பாடத்துக்கான கடவுச்சொல்லைத் தூக்கிக் கொடுப்பது எளிது. எல்லாவற்றையும் ஒரே உள்நுழைவின் கீழ்க் கொண்டுவந்துவிட்டால், அதைக் கொடுப்பவர் தன் அஞ்சல், நிதியுதவி, மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றையும் சேர்த்தே கொடுக்கிறார். கூலிக்கு எழுதித் தருபவர்களிடம் கொடுத்த பிறகு மிரட்டலுக்கு ஆளான மாணவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் புதியவர்களுக்கு வெளிப்படையாகச் சொல்லலாம். உள்நுழைவுப் பதிவேடு குறித்து ஓர் எச்சரிக்கை: ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு கண்டங்களிலிருந்து நுழைந்ததாகப் பதிவு காட்டினால் அது கேட்க வேண்டிய கேள்வியே தவிர, விடை ஆகாது. இணைய இணைப்பை வேறொரு இடத்தின் வழியாகத் திருப்பிவிடும் வி.பி.என். சேவையைப் பயன்படுத்தும் ஒருவர், உட்கார்ந்த இடத்தில் இருந்தபடியே அப்படித் தெரிவார்.

மூன்றாவது கேள்விக்கு, அதாவது எழுதியது யார் என்பதற்கு, பேசிப் பார்ப்பதைவிடச் சிறந்த வழியை நான் கண்டதில்லை. நீங்களே அதைத் தற்செயலாகச் செய்துவிட்டீர்கள். நேரலை வகுப்பில் நீங்கள் கேட்ட ஒரு கேள்வி, கடவுச்சொல் பருவம் முழுவதும் காட்டாததைக் காட்டியது. அதை முறைப்படுத்துங்கள். பாடத்தின் பெரிய ஒப்படைப்பு ஒன்றுக்குப் பிறகு, ஒவ்வொரு மாணவருக்கும் 10 நிமிட வாய்மொழி உரையாடல் உண்டு என்று பாடத்திட்டத்திலேயே, முதல் நாளே, மதிப்பெண் பங்கோடு அறிவித்துவிடுங்கள். 60 மாணவர்கள் என்றால் 10 மணி நேரம். கண்காணிப்பு மென்பொருள் சந்தேகக் குறியிட்டு அனுப்பும் காணொளிகளில், கண் எப்போது திரும்பியது, கதவு ஏன் திறந்தது என்று பார்த்துக்கொண்டிருக்க ஆகும் நேரத்தோடு ஒப்பிட்டால் இது மிச்சம்தான், அதுவும் பயனுள்ள மிச்சம். எண்ணிக்கை பல நூறு என்றால், இறுதித் திட்டக் கட்டுரைக்கு மட்டும் எல்லோரிடமும், மற்றவற்றுக்குக் குலுக்கல் முறையில் தேர்ந்தவர்களிடமும் பேசலாம். குலுக்கல் உண்மையான குலுக்கலாக இருக்க வேண்டும். ஆசிரியரின் மனத்துக்குச் சந்தேகம் தோன்றியவர்களின் பட்டியலாக அது மாறிவிடக் கூடாது.

கேள்விகளை எப்படிக் கேட்பது என்பதில்தான் இதன் வெற்றி இருக்கிறது. பாடத்தின் வரையறைகளைக் கேட்காதீர்கள். அதை யாரும் மனப்பாடம் செய்துவிடலாம். கட்டுரையை இருவரும் திரையில் திறந்து வைத்துக்கொண்டு, எழுதியவருக்கு மட்டுமே தெரிந்த முடிவுகளைக் கேளுங்கள். “மூன்றாம் பக்கத்தில் இந்த இரண்டு ஆய்வுகளை எடுத்துக்கொண்டு மூன்றாவதை விட்டுவிட்டீர்கள், ஏன்?” “இந்த அட்டவணையில் கடைசி வரிசை மட்டும் ஏன் மாறி வந்தது என்று நினைக்கிறீர்கள்?” “மீண்டும் எழுதுவதாக இருந்தால் எந்தப் பகுதியை எடுத்துவிடுவீர்கள்?” உண்மையில் எழுதியவர் தடுமாறினாலும், தடுமாற்றத்துக்கு நடுவே ஒரு விவரம் வந்து விழும்: அந்த மூன்றாவது ஆய்வின் முழு வடிவம் கிடைக்கவில்லை என்பார், அல்லது அந்த வரிசையைச் சரிசெய்ய இரண்டு இரவு பாடுபட்டேன் என்பார். எழுதாதவர் சரளமாகவே பேசக்கூடும், ஆனால் கட்டுரைக்குள் வராமல் பாடத்தைச் சுற்றியே பேசிக்கொண்டிருப்பார். இந்த வேறுபாட்டை ஆசிரியர்கள் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். கட்டுரையை மதிப்பிட்ட ஆசிரியரே உரையாட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். திக்கிப் பேசுபவர், பயிற்று மொழி தாய்மொழியல்லாதவர், பேச்சுப் பதற்றம் உள்ளவர் ஆகியோருக்குக் கூடுதல் நேரமோ, தட்டச்சு வழி நேரலை உரையாடலோ தரும் ஏற்பாடு விதியிலேயே இருக்கட்டும்.

செயற்கை நுண்ணறிவு உதவியாளர்கள் உலாவிக்குள் புகுந்து, மாணவர் பெயரில் பாடத்தைத் திறந்து வினாடி வினாவை முடிக்கும் நிலை வந்துவிட்ட பிறகு, வாராந்திரச் சிறு தேர்வுகளுக்கு அதிக மதிப்பெண் வைப்பதையும் மறுபரிசீலனை செய்யுங்கள். அவை பயிற்சிக்காக இருக்கட்டும்.

கண்காணிக்கப்பட்ட தேர்வே வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. மருத்துவத் துணைப்பணி, கணக்குத் தணிக்கை போல, பட்டம் நேரடியாக உரிமத்துக்கு இட்டுச் செல்லும் படிப்புகளில் குறைந்தது ஓர் இறுதித் தேர்வாவது மனிதக் கண்காணிப்பாளர் முன்னிலையில் நடக்க வேண்டும். முடிந்தால் தேர்வு மையத்தில். முடியாதவர்களுக்கு, முன்பே ஒப்புதல் பெற்ற நூலகம் அல்லது கல்லூரி ஒன்றில். அதுவும் முடியாதபோது மட்டும் நேரலைக் காணொளியில். உங்கள் படிப்பு அத்தகையது என்றால் நிர்வாகத்தின் கோரிக்கையில் பாதி நியாயம் இருக்கிறது. அந்த ஒரு தேர்வுக்கு மட்டும் என்று அளவைச் சுருக்கிப் பேசினால், எதிர்க்கும் ஆசிரியர்களில் பலரும் ஒத்துக்கொள்வார்கள் என்றே நினைக்கிறேன்.

இனி அந்த மாணவர். நேரலையில் விளக்க முடியாமல் போனது ஐயத்துக்குப் போதிய காரணம். ஆனால் நிரூபணம் ஆகாது. பலர் முன்னிலையில் கேட்கப்பட்ட கேள்வி, விட்டுவிட்டு வந்த இணைய இணைப்பு, மொழித் தயக்கம் என்று எதுவும் காரணமாக இருந்திருக்கலாம். வேறொருவர் எழுதித் தந்தாரா, இயந்திரம் எழுதியதா, அக்கறை மிகுந்த உறவினர் அளவுக்கு மீறித் திருத்தினாரா என்பதும் இப்போது உங்களுக்குத் தெரியாது. இவை ஒவ்வொன்றுக்கும் உங்கள் ஒழுங்கு விதிகளில் வெவ்வேறு தண்டனை இருக்கும். அவருக்கு மட்டும் தனியாக முகச் சோதனை வைப்பதோ, குற்றம் சாட்டும் தொனியில் அஞ்சல் எழுதுவதோ வேண்டாம். பின்னால் மேல்முறையீடு வந்தால் அந்த அஞ்சலே உங்களுக்கு எதிராக நிற்கும்.

அவருடைய ஒப்படைப்புகள், கோப்பின் திருத்த வரலாறு, உள்நுழைவுப் பதிவு ஆகியவற்றின் நகலைப் பாதுகாத்து வைக்கும்படி தகவல் தொழில்நுட்பப் பிரிவிடம் இன்றே கேளுங்கள், ஏனெனில் பதிவேடுகள் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் தானாக அழிந்துவிடக்கூடும். பிறகு, கட்டுரையைப் பற்றிப் பேச வேண்டும், முன்வரைவுகளும் குறிப்புகளும் இருந்தால் எடுத்து வாருங்கள் என்று அவரை அழையுங்கள்; உடன் இன்னொரு ஆசிரியர் இருக்கட்டும்; அவரும் விரும்பினால் ஒருவரை அழைத்து வரலாம் என்று சொல்லுங்கள். மேலே சொன்ன வகைக் கேள்விகளை அமைதியாகக் கேளுங்கள். அவர் விளக்கிவிட்டால் விஷயம் அங்கேயே முடிந்தது, கோப்பில் எந்தக் குறிப்பும் தங்கக் கூடாது. விளக்க முடியாவிட்டால், முடிவை நீங்கள் எடுக்காமல் ஒழுங்குக் குழுவுக்கு அனுப்புங்கள். அனுப்பும் அறிக்கையில் ஆள்மாறாட்டம் என்ற சொல்லை நீங்களாக எழுத வேண்டாம். எந்தத் தேதியில் என்ன கேட்டீர்கள், அவர் என்ன சொன்னார், கட்டுரையில் என்ன இருந்தது என்பதை மட்டும், உடனிருந்த ஆசிரியரின் கையெழுத்தோடு எழுதி அனுப்புங்கள்.